போல்ட் தலையில் ஓர் 'எஃப்': போடிமெட்டு ஜீப்பைப் பிரித்துச் சேர்த்த கதை

போடிமெட்டுக்கு மேலே ஓர் ஏலக்காய் எஸ்டேட். ஸ்டோருக்குப் பின்னால் இருந்த தகரக் கொட்டகையில் அந்த ஜீப் நின்றிருந்தது. படுத்திருந்தது என்றாலும் தப்பில்லை. நாலு டயரிலும் காற்றில்லை, பின் சீட்டில் ஒரு கோழி அடைகாத்துக்கொண்டிருந்தது. எஸ்டேட்காரர், "அசல் வில்லிஸ் தம்பி. எங்கப்பா மிலிட்டரி ஏலத்துல எடுத்தது" என்றார். ஆர்.சி. புத்தகத்திலும் வில்லிஸ் என்றே இருந்தது.

நம் ஊரில் எல்லா வனஸ்பதியும் டால்டா, எல்லாப் பழைய ஜீப்பும் வில்லிஸ். ஆகவே அதை அப்படியே நம்பாமல், டார்ச்சை எடுத்துக்கொண்டு கோழியைத் தொந்தரவு செய்யாமல் அடியில் நுழைந்தேன். ரேடியேட்டருக்குக் கீழே இரண்டு சேஸிஸ் சட்டங்களையும் இணைக்கும் முன் குறுக்குச் சட்டம்தான் முதலில் பார்க்க வேண்டிய இடம். இரண்டாம் உலகப் போருக்காக வில்லிஸ் கம்பெனி செய்த எம்.பி. என்ற ஜீப்பில் அது உருண்டையான குழாய். ஃபோர்டு செய்த வண்டியில் கவிழ்த்த 'ப' மாதிரி மடித்த தகடு. இதில் இருந்தது மடித்த தகடு. பக்கத்தில் ஒரு போல்ட்டின் தலையைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்தேன். சேறும் கிரீஸும் கலந்த கறுப்பு உதிர்ந்ததும் அடியிலிருந்து ஆங்கில 'எஃப்' எழுத்து ஒன்று எழும்பி வந்தது. ஃபோர்டு தான் செய்த சாமான்களில், போல்ட் தலை உட்பட, இந்த எழுத்தை அடித்து அனுப்பியது. நான் வாயைத் திறக்கவில்லை. பேரம் முடிகிற வரைக்கும் அது வில்லிஸாகவே இருந்தது.

வீட்டுக்கு வந்த பிறகு இடது சேஸிஸ் சட்டத்தின் மேல் முகத்தை மண்ணெண்ணெய் விட்டுச் சுரண்டி, சாக்பீஸ் தேய்த்தேன். ஜி.பி.டபிள்யூ. என்ற எழுத்துகளும் எண்களும் வெள்ளையாகத் தெரிந்தன. ஜி என்றால் அரசாங்க வண்டி, பி என்பது 80 அங்குல வீல்பேஸுக்கு ஃபோர்டு வைத்திருந்த குறி, டபிள்யூ என்றால் வில்லிஸ் வடிவமைப்பு. அதாவது வில்லிஸ் வரைந்ததை ஃபோர்டு கட்டியது. அதற்கும் முன்னால் ஒரு கதை இருக்கிறது. 1940 ஜூலையில் அமெரிக்க இராணுவம் 135 கம்பெனிகளிடம் இப்படி ஒரு வண்டி கேட்டது. 49 நாள் கெடுவுக்குள் முதல் மாதிரியைக் கொண்டுபோய் நிறுத்தியது பென்சில்வேனியாவின் பட்லர் நகரத்திலிருந்த பாண்டம் என்ற சின்னக் கம்பெனி. பெரிய ஆர்டரோ வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போனது. 1941 முதல் 1945 வரை இரண்டு பேரும் சேர்த்து ஆறு லட்சத்துக்கும் மேல் செய்தார்கள். பாண்டமுக்கு டிரெய்லர் செய்கிற வேலை கிடைத்தது.

சரி, நம் வண்டிக்கு வருவோம். அசல் பெட்ரோல் இன்ஜினை எப்போதோ கழற்றிவிட்டு டீசல் இன்ஜினை ஏற்றியிருந்தார்கள். மலையில் ஓட்டிப் பிழைக்கிறவர்கள் செய்ததைக் குறை சொல்ல முடியாது. லிட்டருக்கு எத்தனை மைல் என்பதுதான் அவர்கள் கணக்கு. கியர் பாக்ஸும் பின்னால் வந்த சிவிலியன் ஜீப்பினுடைய டி-90. போர்க்கால வண்டியில் இருந்தது டி-84. அசலைத்தான் போடுவேன் என்று ஒரு மாதம் தேடினேன். அப்புறம் போடியில் எனக்குக் கைகொடுக்கும் மெக்கானிக் அண்ணன் இரண்டின் பற்களையும் பக்கத்தில் வைத்துக் காட்டினார். டி-90இன் பற்கள்தான் தடிமன். "பதினேழு கொண்டை ஊசி ஏறணும் தம்பி. எது வேணும்?" டி-90 அங்கேயே இருக்கட்டும் என்று முடிவு செய்தேன்.

இன்ஜின் விஷயத்தில் மட்டும் விட்டுக்கொடுக்கவில்லை. 'கோ டெவில்' என்று பெயர் எடுத்த எல்-134. நாலு சிலிண்டர், 134 கன அங்குலம், நம் கணக்கில் 2.2 லிட்டர், 60 குதிரைத் திறன். வால்வுகள் தலையில் இல்லை, சிலிண்டருக்குப் பக்கத்தில் பிளாக்கிலேயே, அதாவது சிலிண்டர்கள் இருக்கும் இரும்பு உடம்பிலேயே, நிற்கும். சென்னை புதுப்பேட்டையில் ஒன்று கிடைத்தது. எந்தக் கடை என்று சொல்லப்போவதில்லை; காரணம் அடுத்த பத்தியில்.

லேத்தில் இறக்கிக் கழுவியதும் பிளாக் பளிச்சென்று இருந்தது. அண்ணன் மட்டும் திருப்தியாகவில்லை. ஒரு துணியில் மண்ணெண்ணெய் நனைத்து வால்வு சீட்டுகளைச் சுற்றித் துடைத்தார். ஐந்து நிமிடம் பீடி குடித்தார். காய்ந்த துணியால் அழுத்தித் துடைத்துவிட்டு, சாக்பீஸைப் பொடித்து மேலே தூவி ஊதினார். மூன்றாவது சிலிண்டரின் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டிலிருந்து பிஸ்டன் ஓடும் துளை (லேத் பாஷையில் 'போர்') வரைக்கும் தலைமுடி கனத்துக்கு ஓர் ஈரக் கோடு பொடியில் மெதுவாக ஊறி வந்தது. விரிசலுக்குள் இறங்கியிருந்த எண்ணெய்தான் அப்படித் திரும்பி வருகிறது. பக்கவால்வு பிளாக்குகளில் சீட்டுக்கும் போருக்கும் நடுவே இரும்பு மெல்லியது; ஒரு தடவை நன்றாகச் சூடேறினால் பிளக்கிற இடம் அதுதான். கடைக்காரரிடம் போனேன். "பழைய சாமான் சார், பாத்துத்தானே எடுத்தீங்க" என்றார். நியாயம்தான். மண்ணெண்ணெய்ப் பாட்டிலும் ஒரு துண்டு சாக்பீஸும் இல்லாமல் பிளாக் வாங்கப் போனது என் தப்பு.

இரண்டாவது பிளாக் கிடைக்க ஏழு மாதம். இந்தத் தடவை பொடி தூவியபின்தான் பணம் கொடுத்தேன். உள்சாமான் கிடைப்பது நினைத்ததைவிடச் சுலபம். இங்கே பிற்பாடு ஓடிய ஜீப்புகளில் இருந்த எஃப்-134 'ஹரிகேன்' இன்ஜின் இதற்குத் தம்பி. போர், ஸ்ட்ரோக் இரண்டும் அதே அளவு. இன்டேக் வால்வை மட்டும் மேலே ஏற்றியிருப்பார்கள். அதனால் கிராங்க் பக்கத்துச் சாமான்கள் பல ஒத்துப்போகும். போரைக் கொஞ்சம் பெரிதாகக் கடைந்து, புது பிஸ்டன், புது ரிங், புது பேரிங் போட்டு மூடினோம். டாப்பெட் இடைவெளி குளிர்ந்த நிலையில் 14 தவ், இக்னிஷன் பாயிண்ட்டின் இடைவெளி 20 தவ், ஸ்பார்க் பிளக்கினுடையது 30 தவ். தவ் என்றால் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு, லேத் பட்டறைகளில் இன்றும் புழங்கும் கணக்கு. இந்த வண்டியில் எல்லாமே அங்குலம்தான். பன்னிரண்டும் பதின்மூன்றும் கொண்ட மில்லிமீட்டர் ஸ்பானர் செட்டோடு இறங்கினால் ஒரே வாரத்தில் பாதி நட்டின் முனைகள் மழுங்கிவிடும். எனக்கு மூன்று நாளிலேயே மழுங்கின.

முதல் ஸ்டார்ட் ஒரு ஞாயிற்றுக்கிழமை. டேங்க் இன்னும் தயாராகாததால் பிளாஸ்டிக் பாட்டிலில் பெட்ரோல் ஊற்றி, ஆஸ்பத்திரி குளுக்கோஸ் மாதிரி விண்ட்ஷீல்டில் கட்டித் தொங்கவிட்டோம். ஸ்டார்ட்டர் முனகியது. பெருமூச்சு விட்டது. கால் சுற்று சுற்றி நின்றது. பேட்டரி புதுசு, ஸ்டார்ட்டரும் சர்வீஸ் செய்தது. பிறகுதான் கேபிளைத் தொட்டுப் பார்த்தேன், சுட்டது. இந்த ஜீப் 6 வோல்ட். அதே சக்திக்கு வோல்டேஜ் பாதி என்றால் கரன்ட் இரண்டு மடங்கு ஓட வேண்டும். நான் போட்டிருந்ததோ 12 வோல்ட் காருக்கான மெல்லிசு கேபிள். பெருவிரல் கனத்தில் வெல்டிங் கேபிள் வாங்கி, முனைகளை ஈயம் காய்ச்சி அடைத்து, எர்த் பிடிக்கும் இடத்தில் பெயிண்டைச் சுரண்டிப் போட்டதும் ஸ்டார்ட்டர் சொன்னபடி சுற்றியது. 12 வோல்ட்டுக்கு மாற்றிவிடு என்று பத்துப் பேராவது சொல்லியிருப்பார்கள். 6 வோல்ட்டில் ஒரு குறையும் இல்லை. கேபிளும் எர்த்தும் சரியாக இருந்தால் போதும்.

சுற்றியது, ஆனால் ஓடவில்லை. கார்புரேட்டர் வழியாகத் தும்மியது. பிளக்குகளுக்கு வரிசையாகத் தீப்பொறியைப் பிரித்து அனுப்பும் டிஸ்ட்ரிபியூட்டரை இந்தப் பக்கம் திருப்பினேன், அந்தப் பக்கம் திருப்பினேன். ஒரு தடவை தீ நாக்கு வெளியே வந்து என் புருவத்தைத் தொட்டுவிட்டுப் போனது. பிளக் வயர் வரிசையை (1-3-4-2) மூன்று தடவை சரிபார்த்தேன். இருட்டிவிட்டது. இந்த ஜீப்பில் எனக்குப் பிடித்த வசதி அப்போதுதான் உதவியது. ஹெட்லைட்டின் பின்னால் ஒரு சிறகு நட்டு இருக்கும். அதைத் தளர்த்தினால் விளக்கை அப்படியே பின்பக்கம் மடித்து இன்ஜின் மேலே வெளிச்சம் அடிக்க வைக்கலாம். யாரோ ஒருவர் இருட்டில் வண்டிக்கு அடியில் கிடந்து திட்டிய பிறகுதான் இப்படி ஒன்றை யோசித்திருக்க வேண்டும்.

அண்ணன் வந்து கொஞ்ச நேரம் சும்மா கேட்டுக்கொண்டிருந்தார். "ஆயில் பம்பைக் கழட்டினீங்களா?" ஆமாம், கேஸ்கட் ஒழுகியதால் கழற்றி மாட்டினேன். "அப்ப அதான்." எல்-134இல் ஆயில் பம்ப் பிளாக்கின் வெளியே பக்கவாட்டில் நிற்கிறது. கேம் ஷாஃப்ட் பம்பைச் சுற்றும், பம்பின் தண்டு எதிர்ப்பக்கத்தில் டிஸ்ட்ரிபியூட்டரைச் சுற்றும். பம்பை வெளியே எடுத்துத் திரும்ப வைக்கும்போது ஒரே ஒரு பல் தள்ளி உட்கார்ந்தாலும் தீப்பொறி நேரம் மொத்தமாக இடம் மாறிவிடும். அப்புறம் மேலே நின்று டிஸ்ட்ரிபியூட்டரை எவ்வளவு திருப்பினாலும் எட்டாது. முதல் பிஸ்டனை கம்ப்ரஷன் உச்சத்துக்குக் கொண்டுவந்து, ஃப்ளைவீல் குறியைப் பார்த்து, டிஸ்ட்ரிபியூட்டரை எடுத்துவிட்டு அதன் துளையில் டார்ச் அடித்தால் தண்டின் முனையிலுள்ள வெட்டு தெரிகிறது. வெட்டு நடுவில் இருக்காது, ஒரு பக்கம் ஒதுங்கி இருக்கும். ஆகவே ஒரே விதமாகத்தான் பொருந்தும். பம்பை ஒரு பல் பின்னே நகர்த்தி வைத்தோம். வைப்பதற்கு முன் அண்ணன் பம்புக்குள் எண்ணெய் நிரப்பினார். காய்ந்த பம்ப் எண்ணெயை இழுக்காது, புது பேரிங் சில நிமிடத்தில் காலியாகிவிடும் என்றார். இரவு ஒன்பதரைக்கு இன்ஜின் பிடித்தது. அந்தச் சத்தத்தில் டீசலின் அதட்டல் இல்லை. தையல் மிஷின் கொஞ்சம் கோபமாக ஓடுவது மாதிரி இருந்தது. எதிர்வீட்டு அக்கா மட்டும் ஜன்னலைச் சாத்தினார்.

சக்கரத்துக் கதையையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். இடது பக்க வீல் நட்டு கழலவில்லை. துருப்பிடித்திருக்கிறது என்று நினைத்து டீசல் ஊற்றி ஊறவைத்து, வீல் ஸ்பானரில் மூன்றடிக் குழாய் மாட்டி ஏறி நின்றேன். டக். நட்டு மாட்டியிருந்த ஸ்டட் ஒடிந்தது. அடுத்ததும் ஒடிந்தது. மூன்றாவதும் போன பிறகுதான் நட்டின் முகத்தைத் துடைத்துப் பார்த்தேன். பெயிண்டுக்கு அடியில் ஆங்கில 'எல்'. இந்த ஜீப்பின் இடது பக்கச் சக்கரங்களுக்கு இடது மரை. ஓடும்போது நட்டு தானாகத் தளரக்கூடாது என்று அப்படிச் செய்தார்கள். கழற்ற வேண்டிய திசைக்கு நேர் எதிராக நான் ஒரு மணி நேரம் இறுக்கிக்கொண்டிருந்திருக்கிறேன். புது ஸ்டட் கடைந்து கொடுத்த லேத்காரர் இன்றுவரை என்னைப் பார்த்தால் இடது கையால்தான் சலாம் வைக்கிறார். ரிம்மைப் பற்றியும் ஓர் எச்சரிக்கை. போர்க்கால 'காம்பாட்' ரிம் இரண்டு பாதிகளை எட்டு போல்ட்டால் சேர்த்தது. டயரில் காற்று இருக்கும்போது அந்த எட்டில் கை வைத்தால் பாதி ரிம் முகத்துக்கு வரும். முதலில் காற்றை முழுதாக இறக்கிவிட வேண்டும். வேறு யாராவது தொட்டுவிடப்போகிறார்கள் என்று என் ரிம்மில் தமிழிலேயே எழுதி வைத்திருக்கிறேன்.

பாடி வேலைதான் பணத்தையும் பொறுமையையும் தின்றது. மேலே பார்த்தால் தரைத் தகட்டில் நாலைந்து ஓட்டைகள், அவ்வளவுதான். டிங்கர், "பட்டி போட்டுத் தேச்சுடலாம் சார், ரெண்டு நாள் வேலை" என்றார். நான் அடியிலிருந்து ஸ்க்ரூடிரைவரால் குத்தினேன், அது பிடிவரைக்கும் உள்ளே போனது. தரையைத் தாங்குவதற்குக் கீழே தொப்பி வடிவில் மடித்த இரும்புப் பட்டிகள் குறுக்கே ஓடுகின்றன. அவற்றுக்குள் மரக்கட்டையைச் செருகியிருக்கிறார்கள். போல்ட்டை இறுக்கும்போது தகடு நசுங்காமல் இருப்பதற்கு நல்ல யோசனைதான், ஆனால் நாலைந்து வருடம் ஓட வேண்டிய வண்டிக்கான யோசனை. மலைச் சாரலில் அத்தனை வருடம் நனைந்த கட்டை பஞ்சாக ஊறி, இரும்பை உள்ளேயிருந்து அரித்துவிட்டது. வெட்டித் திறந்தபோது உள்ளே மரம் இல்லை. கறுப்பாக, ஈரமாக, பழைய புகையிலை மாதிரி ஏதோ உதிர்ந்தது. இரும்புப் பட்டிகளை 16 கேஜ் தகட்டில் புதிதாக மடித்து, தேக்குக் கட்டைக்குத் தார் பூசிக் காயவைத்துச் செருகினோம். வெல்டிங்கை விட்டு விட்டு, இடம் மாற்றி மாற்றிப் புள்ளி வைத்துப் பிடித்தோம். ஒரே இழுப்பாக இழுத்தால் சூட்டில் தரை அப்பளமாகிவிடும். டிரைவர் சீட்டுக்கு அடியிலிருக்கும் பெட்ரோல் டேங்கில் ஒட்டு போடுவதற்கு மட்டும் எந்த வெல்டரையும் நெருங்கவிடவில்லை. காலி டேங்குக்குள் இருக்கும் ஆவிதான் ஆபத்து. புது டேங்க் அடித்து வாங்கிவிட்டேன்.

பானட்டைத் தண்ணீர் எமரியால் நானே தேய்த்தேன், மூன்று ஞாயிறு. மேலே எஸ்டேட் பச்சை. அதன் கீழே நீலம், அதன் கீழே இன்னொரு பச்சை, செம்மண் நிற பிரைமர். எல்லாவற்றுக்கும் அடியில் சாணிப்பச்சை. இடது பக்கத்தில் அந்தச் சாணிப்பச்சையின் மேல் வெள்ளையாக ஏதோ தெரிந்ததும் தேய்ப்பதை நிறுத்திவிட்டு விரலால் மட்டும் வருடினேன். 'எம்', பிறகு ஒரு 5, பிறகு பாதி அழிந்த ஒரு வளைவு. பிரிட்டிஷ் இராணுவம் கார் வகை வண்டிகளின் எண்ணுக்கு முன்னால் வைத்த எழுத்து 'எம்'. ஆக, அமெரிக்காவில் செய்து பிரிட்டிஷ் படைக்கு வந்து, ஏலத்தில் ஏலக்காய்க் காட்டுக்குப் போயிருக்கிறது. மிச்ச எண்கள் வரவில்லை. எத்தனையோ பேர் அனுமானமாக ஓர் எண்ணை எழுதிக்கொள்கிறார்கள். எனக்கு மனசு வரவில்லை. பானட் முழுக்கச் சாணிப்பச்சை அடித்து, அந்த எழுத்து இருக்கும் உள்ளங்கை அகலத்தை மட்டும் அப்படியே விட்டிருக்கிறேன். பெயிண்டருக்குத்தான் பெரிய துக்கம். "மேட்டா சார்? பளபளப்பு வேணாமா? எல்லாரும் என்னைத் திட்டுவாங்க சார்." ரகசியமாக ஒரு கோட் கிளியர் அடித்துவிடுவாரோ என்று பக்கத்திலேயே ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன்.

எஸ்டேட்டில் சேர்த்தவற்றைப் பெரும்பாலும் அறுத்து எடுத்தேன்: பின்னால் பற்றவைத்திருந்த பெஞ்சு, மழைத் தகரம், ஆங்கிள் பம்பர். ஒன்றை மட்டும் விட்டேன். டேஷ்போர்டுக்கு மேலே வலது பக்கம் ஒரு முக்கால் அங்குலக் குழாயைப் பற்றவைத்திருந்தார்கள், ஏறுகிறவர்கள் பிடித்துக்கொள்ள. காய் பறிக்கப் போகும் பெண்கள் வருடக்கணக்கில் பிடித்துப் பிடித்து அதன் நடுப்பகுதி வெள்ளிக் காப்பு மாதிரி வழவழப்பாகியிருக்கிறது. ஜீப் சேகரிக்கும் நண்பர் ஒருவர் அதைப் பார்த்துவிட்டு முகம் சுளித்தார். "1943இல் இது இல்லையே." இல்லைதான். ஆனால் பட்டாளத்தில் இந்த வண்டி மிஞ்சிப்போனால் நாலைந்து வருடம் இருந்திருக்கும். மலையில் அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் உழைத்திருக்கிறது. அசல் எது என்பதில் எனக்கும் அவருக்கும் இன்னும் ஒத்துப்போகவில்லை. அவர் வண்டியில் போல்ட் எல்லாம் அச்சு அசலாக எஃப் போட்டது, நான் மறுக்கவில்லை. அவர் அதை மழையில் எடுப்பதில்லை.

காகித வேலை பாதியில் நிற்கிறது. டீசலை எடுத்துவிட்டுப் பெட்ரோல் போட்டதை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். 50 வயது தாண்டிய வண்டிகளுக்கு 2021இல் வந்த விண்டேஜ் பதிவும் இருக்கிறது. புதிதாகப் பதிய 20,000 ரூபாய், பத்து வருடம் செல்லும், நம்பரில் 'வி.ஏ.' என்று வரும். ஆனால் அதில் பதிந்தால் கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போடுவது, பழுதுபார்ப்பது போன்ற காரியங்களுக்குத்தான் சாலையில் எடுக்கலாம். காய்கறி வாங்கப் போக முடியாது. எனக்குக் காய்கறி வாங்கப் போக வேண்டும்.

போன மாதம் போடிமெட்டு ஏறினோம். ஏற்றத்தில் ஒரு குறையும் இல்லை, தண்ணீர்கூட கொதிக்கவில்லை. இறங்கும்போதுதான் இரண்டாவது கியர் தெறிக்கிறது. ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்த உடனே லிவர் துள்ளி நியூட்ரலுக்கு வந்துவிடும், வண்டி பிரேக்கை மட்டும் நம்பிப் பள்ளத்தைப் பார்த்து ஓடும். மேல்மூடியைத் திறந்து லிவரை நிறுத்தும் குண்டு ஸ்பிரிங்கை மாற்றிப் பார்த்தோம், தீரவில்லை. பின் பேரிங்கில் ஆட்டம் இருக்கும் என்கிறார் அண்ணன். அப்படியென்றால் முன், பின் சக்கரங்களுக்குச் சக்தியைப் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸோடு கியர் பாக்ஸ் மொத்தமும் கீழே இறங்க வேண்டும். அடுத்த மழைக்கு முன்னால் இறக்கிவிடுவோம். இது இடது கை ஸ்டீரிங் வண்டி, ஆகவே என் மனைவிக்கு இடம் வலது பக்கம். இப்போதைக்கு அவர் வலது கையால் அந்த எஸ்டேட் குழாயையும் இடது கையால் கியர் லிவரையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு வருகிறார். ஒவ்வொரு கொண்டை ஊசியிலும், "இப்ப விடட்டுமா?" என்று கேட்கிறார். "இன்னும் இல்லை" என்கிறேன்.